உலாவியில் சொந்தமாக ஒரு சாட் பக்கம்: தமிழ் எழுத்து உடையாமல் பதிலை வரவைப்பது எப்படி?

சொந்தக் கணினியில் ஓடும் மொழி மாதிரியோடு டெர்மினலிலேயே பேசிப் பேசி அலுத்துப்போனதால், உலாவியில் ஒரு சாட் பக்கம் செய்துகொண்டேன். பக்கம் அரை நாளில் தயாராகிவிட்டது. ஆனால் தமிழில் கேட்டால் நீளமான பதிலில் எங்காவது ஓரிடத்தில் எழுத்து உடைந்து, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்த அடையாளம் வந்து நிற்கும். காரணத்தைக் கண்டுபிடிக்க மேலும் மூன்று நாள் ஆனது. அதனால் மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிதானமாகப் பேசுகிறேன்.

முதல் படி, ஒல்லாமாவை (மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) நிறுவி ஒரு மாதிரியை இறக்கிக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது கூகுளின் கெம்மா 3, 4 பில்லியன் அளவுருக்கள் கொண்டது; சுமார் 3.3 ஜிபி இறங்கும். ஒல்லாமா 11434 என்ற போர்ட்டில் காத்திருக்கும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 11434 என்று திறந்தால் அது ஓடிக்கொண்டிருப்பதாக ஒற்றை வரி தெரிய வேண்டும், தெரிந்தால் சரி.

இரண்டாவது, ஒரு ஃபோல்டர், அதில் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. உரையாடல் விழ ஒரு டிவ், எழுத ஒரு டெக்ஸ்ட் ஏரியா, ஒரு பட்டன், அவ்வளவுதான். ரியாக்ட் போன்ற ஃப்ரேம்வொர்க் எல்லாம் இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து: இந்தப் பக்கத்தில் கற்க வேண்டிய முக்கியமான விஷயம் பதில் துண்டு துண்டாக எப்படி வருகிறது என்பதுதான், அதை ஃப்ரேம்வொர்க் மறைத்துவிடும். கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காமல், அந்த ஃபோல்டரில் பைத்தானின் எச்டிடிபி சர்வரை ஓடவிட்டு லோக்கல்ஹோஸ்ட் 8000 வழியாகத் திறங்கள். லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து வரும் பக்கத்தை ஒல்லாமா தானாகவே அனுமதிக்கும். வேறு முகவரியிலிருந்து வந்தால் தடுத்துவிடும், அப்போது ஒல்லாமா ஆரிஜின்ஸ் என்ற சூழல் மாறியில் அந்த முகவரியைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, மெசேஜஸ் என்று ஒரு அரே. நீங்கள் எழுதியது யூசர் என்ற ரோலிலும், பதில் அசிஸ்டன்ட் என்ற ரோலிலும் அதில் சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு அரேயையும் ஃபெட்ச் மூலம் ஒல்லாமாவுக்கு அனுப்புங்கள், ஏனென்றால் மாதிரிக்கு முந்தைய கேள்வி நினைவில் இருக்காது. வந்த பதிலை அரேயில் சேர்க்க மறந்தால், "அதை இன்னும் சுருக்கிச் சொல்" என்று கேட்கும்போது "எதை?" என்று திருப்பிக் கேட்கும்.

(இதே பக்கத்தைக் கட்டணச் சேவையோடு இணைக்க நினைத்தால், ஏபிஐ சாவியை (சேவை உங்களை அடையாளம் காணும் ரகசியச் சரம்) ஒருபோதும் பக்கத்துக்குள் வைக்காதீர்கள். பக்கத்தைத் திறக்கும் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். நடுவில் ஒரு சிறு சர்வர் வைத்து, சாவியை அங்கே வையுங்கள்.)

இப்போது என்னை மூன்று நாள் உட்காரவைத்த இடம். பதில் ஒரே மூச்சில் வராது, பைட் துண்டுகளாக வரும். ரெஸ்பான்ஸின் பாடியிலிருந்து ஒரு ரீடரை எடுத்து, லூப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் டெக்ஸ்ட் டிகோடரில் கொடுத்து எழுத்தாக மாற்றுகிறோம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் எங்கே வெட்டினாலும் கெடாது. யுடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; எழுத்து, துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. "வணக்கம்" என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், 21 பைட். துண்டு 10ஆவது பைட்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "வணக" முழுதாக வந்துவிடும், அடுத்த புள்ளியின் முதல் பைட் இந்தத் துண்டிலும் மீதி இரண்டு பைட் அடுத்த துண்டிலும் மாட்டிக்கொள்ளும். தனித்தனியாக டிகோட் செய்தால் அந்த ஒரு புள்ளியின் இடத்தில் மூன்று கேள்விக்குறி வைரங்கள். டெக்ஸ்ட் என்கோடரில் வார்த்தையைப் பைட்டாக்கி, இரண்டாக வெட்டி, கன்சோலில் நீங்களே பாருங்கள், ஒரு நிமிட வேலை.

தீர்வு, டிகோட் செய்யும்போது ஸ்ட்ரீம் என்ற விருப்பத்தை ட்ரூ என்று கொடுப்பது. அப்போது அது முடியாத பைட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கும். நான் இதைக் கொடுத்தும் எழுத்து உடைந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் டிகோடரை லூப்புக்குள்ளே உருவாக்கியிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் புது டிகோடர், பழையது பிடித்துவைத்த பைட் அதோடு போய்விடும். லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை உருவாக்குங்கள்.

பதில் வரும் ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கும் இதே கதைதான். ஒல்லாமா வரிக்கு ஒரு ஜேசன் அனுப்பும், ஆனால் துண்டு வரியின் நடுவிலும் முடியலாம். வந்ததை ஒரு பஃபரில் ஒட்டி, நியூலைனில் பிரித்து, கடைசிப் பகுதியை மட்டும் அடுத்த சுற்றுக்கு நிறுத்திவைத்து, மற்றதை பார்ஸ் செய்யுங்கள். ஜேசனில் டன் என்ற புலம் ட்ரூவாக வரும் வரிதான் முடிவு.

பதிலைத் திரையில் போட டெக்ஸ்ட் கன்டென்ட் போதும். இன்னர் எச்டிஎம்எல் வேண்டாம், மாதிரி எழுதித் தரும் டேக் உங்கள் பக்கத்திலேயே ஓடிவிடும். பதிலை நடுவில் நிறுத்தும் பட்டனுக்கு, ஃபெட்சை ரத்துசெய்யும் அபார்ட் கன்ட்ரோலர். ஸ்க்ரோல், பயனர் அடிப்பகுதிக்கு அருகில் இருந்தால் மட்டும் நகரட்டும். மேலே போய்ப் படித்துக்கொண்டிருப்பவரைக் கீழே இழுப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

பின்சேர்க்கை: என்டர் தட்டினாலும் செய்தி போகும்படி வைத்தால், தமிழில் தட்டச்சு செய்து சொல்லை உறுதிசெய்ய என்டர் தட்டினால் பாதிச் செய்தியே போய்விடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், நான் பயன்படுத்தும் விசைப்பலகையில் அது நடப்பதில்லை என்பதால் கவனிக்கவில்லை. கீடவுன் நிகழ்வில் இஸ்கம்போசிங் (சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று காட்டுவது) ட்ரூவாக இருந்தால் அனுப்பாமல் திரும்பிவிடுங்கள். சஃபாரியில் அது ஃபால்ஸ் என்று வரலாம், அங்கே கீகோட் 229ஆ என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.