ரொறன்ரோ – கட்டுநாயக்கா – யாழ்ப்பாணம்: உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆகக் குறுகிய வான்வழி கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது. இருந்தால் கிரீன்லாந்துக்கு மேலால் ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, பதினைந்து பதினாறு மணித்தியாலத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். இல்லாததைப் பேசி என்ன, எங்கேயாவது இறங்கி ஏறத்தான் வேண்டும்.

டுபாய் என்றால் கிட்ட, இலண்டன் என்றால் சுற்று என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. டுபாய் வழி சுமார் 11,100 கிலோமீற்றர், பிறகு 3,300. இலண்டன் வழி சுமார் 5,700, பிறகு 8,700. எந்த வழியைக் கூட்டினாலும் 14,400தான்! வித்தியாசம் பயணம் எப்படித் துண்டாகிறது என்பதில்: டுபாய்க்கு ஒரே இருப்பில் பன்னிரண்டு பதின்மூன்று மணித்தியாலம், பிறகு நாலரை. இலண்டனுக்கு ஏழு, பிறகு பத்தரை பதினொன்று. முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசித்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.

அப்புறம் இடைத்தங்கல். மொத்த நேரம் இருபதா முப்பதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் போதும் என்று எடுத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் இறக்கையில் உள்ள பனியை அகற்றவே நேரம் போகும், அடுத்த விமானம் போய்விடும். இரண்டரை முதல் நாலு வரை நல்லது. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவு என்று தனித்தனியாக எடுத்தால் அந்தத் தலையிடி உங்களுடையது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இலங்கை, ரொறன்ரோவை விட குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் முன்னால், கோடையில் ஒன்பதரை. தை மாதத்தில் திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பி 24 மணித்தியாலம் பயணம் செய்தால் புதன் காலை 8.30க்குத்தான் இறங்குவீர்கள். செவ்வாய்க்கிழமை வானத்திலேயே போய்விடும், ஆகவே புதன் காலை முகூர்த்தத்துக்கு இந்த டிக்கெட் சரிவராது. திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் பறக்கும் நேரம் கூடும், ஆனால் கடிகாரம் பின்னுக்குப் போவதால் அதிகாலையில் கிளம்பினால் பெரும்பாலும் அதே நாளிலேயே வந்துவிடலாம்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்கா பாதி வழி மாதிரிதான். கொழும்புக்குள் நுழையத் தேவையில்லை. நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று போனாலும் ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். வாடகைக்கு வான் வண்டி பிடிக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஓட்டுநர் இரவு முழுக்க ஓடி வந்து உங்களை ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்புகிறவரா? அப்படியென்றால் வேறு ஆள் பாருங்கள், அல்லது நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குங்கள்.

2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபின் சென்னை வழியும் இருக்கிறது. அங்கிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பலாலி. ஆனால் சிறிய விமானம், கனடாவிலிருந்து கொண்டுவரும் இரண்டு பெரிய பெட்டிகளுக்கும் அதில் அனுமதி இராது, கூடுதல் எடைக்குக் காசு கட்ட வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட இந்திய விசாவும் தேவைப்படும், அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.