கடகடன்னு வாசிக்கிற பிள்ளைக்குக் கதை புரியலையா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிறதா? உடனே ட்யூஷன் தேட வேண்டாம். எழுத்தைக் கூட்டி வாசிப்பது ஒன்று, மொழியைப் புரிந்துகொள்வது வேறு. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் இதைப் பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிவது. இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான்.

முதலில் எது இடறுகிறது என்று பாருங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது பாதி மனப்பாடமாகியிருக்கும். பிள்ளை பார்க்காத ஒரு பத்தியை நீங்களே வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டால் பதில் வருகிறது, அதே மாதிரி இன்னொன்றைத் தானே வாசித்தால் வரவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கொம்பையும் காலையும் கூட்டுவதிலேயே கவனம் போய்விடும், அர்த்தத்துக்கு மிச்சமிருக்காது. ஒரே பத்தியை மூன்று நான்கு தடவை சத்தமாக வாசிக்க வையுங்கள், போதும்.

கேட்டும் புரியவில்லையா? அப்போ பேச்சைக் கூட்டுங்கள். எதைப் பற்றிய பத்தியோ அதைப் பற்றி முன்பே ஏதாவது தெரிந்திருந்தால்தான் புரியும். பத்தமடையில் பாய் நெய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்குக் கோரை, தறி என்று வரும் பத்தி பாதி புரிந்த மாதிரிதான். ஊர் சுற்றுவதும் படிப்புதான், ஆச்சி சொல்லும் பழங்கதையும் அப்படியே.

அப்புறம் கேள்வி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். "கூந்தன்குளத்து மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. அந்த வருஷம் தீபாவளிக்கு ஊரில் யாரும் வெடி போடவில்லை." இதில் நாரை எங்கே கூடு கட்டியது என்று கேட்பது சும்மா, வரியைப் பார்த்து ஒப்பித்துவிடும். ஏன் வெடி போடவில்லை என்று கேளுங்கள். காரணம் பத்தியில் எழுதியே இல்லை, இரண்டு வரியையும் பிள்ளைதான் மனசுக்குள் கோர்க்க வேண்டும். தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்லிவிடாமல், "எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்லுத?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கதையைத் திரும்பச் சொல்லும்போது "வந்தாவ, போனாவ" என்று நம்மூர்ப் பேச்சில் சொன்னால் தயவுசெய்து திருத்தாதீர்கள். தன் பேச்சில் சொல்கிறது என்றால் புரிந்திருக்கிறது; புத்தக வரியையே திருப்பிச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தினம் கால் மணி நேரம் போதும். நாலாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் கனக்க ஆரம்பிப்பதற்குள் தொடங்கிவிடுங்கள்.