பிற மதக் கடவுளை மறுக்கும் வரிகளைப் படிப்பது எப்படி?

பக்தர் ஒருவர் வேறு மதத்தின் கடவுளை மறுக்கும்போது, எதை மறுக்கிறார் என்று முதலில் பாருங்கள். அந்தக் கடவுள் இருப்பதையா, அதன் தகுதியையா, அதைக் கும்பிடுவதையா? காரணம் இதற்கேற்ப மாறும்.

விவிலியத்தில் பழகலாம். “என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்” (யாத்திராகமம் 20:3) என்ற கட்டளை, மற்ற தேவர்கள் இருக்கிறார்களா என்ற பேச்சுக்கே போகவில்லை. முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவர் பேசுகிறார். இங்கே காரணம் விசுவாசக் கடமை. ஏசாயா 45:5 “என்னைத்தவிர தேவன் இல்லை” என்று இருப்பையே மறுக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில், ஒருவன் மரத்தில் பாதியை எரித்து அப்பம் சுட்டுவிட்டு, மீதியில் சிலை செய்து அதன் முன் விழுகிறான்; மனிதன் செய்த பொருள் கடவுள் ஆகாது என்பதே இங்கே காரணம். இயேசுவின் திருத்தூதர் பவுல் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கு (கொரிந்தியர்) எழுதிய முதல் கடிதமோ விக்கிரகம் ஒன்றுமில்லை என்றும் (8:4), அதற்கு இடும் பலி பேய்களுக்குப் போகிறது என்றும் (10:20) சொல்கிறது. ஒரே கடிதத்தில் இரண்டு காரணங்கள்! ஒற்றை வசனத்தைப் பிய்த்து எடுத்தால் தவறுவது இங்கேதான்.

குர்ஆன் 29:61ஐயும் பாருங்கள். வானங்களையும் பூமியையும் படைத்தது யார் என்று கேட்டால், இணைவைப்பவர்களே (அல்லாஹ்வோடு மற்றத் தெய்வங்களையும் வணங்குபவர்கள்) ‘அல்லாஹ்’ என்பார்கள் என்கிறது. ஆக, வழக்கு படைத்தவன் யார் என்பதில் இல்லை. அவனுக்குரிய வணக்கத்தில் வேறு யாருக்கும் பங்கு உண்டா என்பதில்தான்.

மிக நுட்பமான மறுப்பு நம் சைவத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் (சைவத்தின் சொந்தக் கொள்கையைச் சொல்லும் பகுதி) இப்படி வருகிறது:

“யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே
மாதொரு பாக னார்தாம் வருவர்”

எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும், மாதொரு பாகனாராகிய சிவனே அந்தத் தெய்வமாக வருவார் என்பது பொருள். இந்த இடத்தோடு நிறுத்திப் பகிர்பவர்கள் பலர். ‘எல்லாச் சாமியும் ஒன்று’ என்பதுபோலத் தோன்றும். ஆனால் செய்யுள் மேலே போகிறது: மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினை செய்யும்; இவை இல்லாதவனே அறிந்து அருள்வான். அத்தெய்வங்கள் உண்டு, வினைக்குக் கட்டுப்பட்டவை என்பதால் முதல்வன் ஆகா. இது தகுதி மறுப்பு. அதே நூலில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தைப் படிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை: ஒவ்வொரு சமயத்தின் கொள்கையும் முதலில் வரும், மறுப்பு அடுத்து வரும். முன்பகுதியை ஆசிரியரின் கருத்தாக மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

‘நீங்கள் ஆயிரம் கடவுளை மறுக்கிறீர்கள், நான் இன்னொன்றையும் சேர்த்து மறுக்கிறேன்’ என்று நாத்திகர் வாதிடுவதுண்டு. இருப்பை மறுப்பவரிடம் அது செல்லும். அருணந்தியின் வழி வந்தவரிடம் செல்லாது, அவர் எதையும் இல்லை என்று சொல்லவே இல்லையே.

நேரில் கேட்டு அறிய வேண்டுமானால் ஒரே கேள்வி போதும்: “அந்தக் கடவுளுக்கு வைத்த நேர்த்திக்கடன் பலித்தால், கொடுத்தது யார்?” தற்செயல் என்றால் இருப்பு மறுப்பு. பேயின் வேலை என்றால் பவுலின் இரண்டாவது காரணம். எங்கள் சாமிதான் அந்த வடிவில் கொடுத்தார் என்றால் சித்தியார். யார் கொடுத்தாலும் நான் கும்பிட மாட்டேன் என்றால், யாத்திராகமம்.