பொருளைப் படமெடுப்பதில் தொடக்கக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் பொருள் வாங்குபவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அதன் நிறம், அளவு, தொட்டால் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் படம்தான் சொல்லியாக வேண்டும். புதியவர்களின் தவறுகள் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றைக் கெடுத்துவிடுகின்றன.

நிறத்தைக் கெடுப்பதில் முதலிடம் கலப்பு வெளிச்சத்துக்கு. ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்று அறையின் மஞ்சள் பல்பையும் போட்டுவிடுகிறார்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்: பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பான ஒயிட் பேலன்ஸை எப்படி வைத்தாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். வெள்ளைச் சோப்பு ஒரு பக்கம் நீலம் பூத்து, மறுபக்கம் மஞ்சளாகி நிற்கும். அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. பல்பை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். நிழல் பக்கம் தெளிந்துவிடும். அப்போதும் வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமராவை ட்ரைபாடில் (முக்காலியில்) வைத்து, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 100இல் வைத்து, ஒளியை உள்ளே விடும் ஷட்டரை அரை விநாடி வரைகூடத் திறந்து வைக்கலாம். பொருள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷைத் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சம் நேர் முன்னாலிருந்து அடிக்கும்போது மேடுபள்ளங்களின் நிழல் கண்ணுக்குத் தெரிவதில்லை; கையால் நெய்த துணிகூட வழவழப்பான காகிதம்போல் ஆகிவிடுகிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் இழை இழையாகத் தெரியும்.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக விழுகிறதா? கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 அளவுக்கு உயர்த்துங்கள். கருப்புப் பொருள் என்றால் குறையுங்கள்.

அடுத்தது, பின்னணியை மங்கலாக்கும் ஆசை. லென்ஸின் திறப்பை எஃப் எண்ணால் குறிப்பார்கள்; எண் சிறிதானால் திறப்பு பெரிது, தெளிவாக விழும் பகுதி குறைவு. எஃப் 1.8இல் மிக அருகிலிருந்து எடுத்தால் லேபிளில் ஓர் எழுத்து தெளிவாகவும் அடுத்தது கலங்கலாகவும் இருக்கும். எஃப் 8 முதல் 11 வரை வைப்பது நல்லது. செல்போனை பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோனால் உருவம் கோணலாகிவிடும். சற்று விலகி நின்று 2எக்ஸ் (இரு மடங்கு பெரிதாக்கும்) லென்ஸில் எடுங்கள்.

துணைப்பொருட்கள் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். ஒரு கைக்களிம்பு டியூப். சுற்றிலும் பூக்கள், காபிக் கோப்பை, மூக்குக்கண்ணாடி, திறந்த புத்தகம். இதில் விற்பனைக்கு வந்திருப்பது எது? கண் முதலில் புத்தகத்தின் எழுத்துக்குப் போகும், பிறகு கண்ணாடியின் மினுமினுப்புக்கு. டியூப் கடைசியில்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்; எதை எடுத்தால் படம் எதையோ இழக்கிறதோ, அது மட்டும் இருக்கட்டும். பொருளின் அளவையோ பயனையோ காட்டும் ஒரு கை, மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசிவிடும்.

அழகுக்காக வைப்பது பொய்யாகவும் மாறக்கூடும். லாவண்டர் சேராத சோப்பின் அருகே லாவண்டர் கொத்தை வைத்தால், அது சேர்ந்திருப்பதாகத்தான் வாங்குபவர் நினைப்பார். குட்டித் தட்டில் வைத்த மெழுகுவத்தி பெரிதாகத் தெரியும். பெட்டியைப் பிரித்ததும் ஏமாற்றம். வெள்ளைக் கோப்பைக்கு அடியில் சிவப்புத் துணி விரித்தாலோ, அந்தச் சிவப்பு கோப்பையின் அடிப்பாகத்தில் ஏறிக்கொள்ளும். அமேசான் தளத்தில் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் படத்தின் பரப்பில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். விற்பனையில் சேராத துணைப்பொருட்களுக்கு அங்கே இடமில்லை. அவற்றை அடுத்தடுத்த படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியும் உலோகமும் எதிரே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும், உங்கள் சட்டை உட்பட. கண்ணாடிக் குப்பிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, இரு பக்கமும் கருப்பு அட்டை நிறுத்தினால் அதன் விளிம்பு கோடு போட்டதுபோல் துலங்கும்.

எடுத்து முடித்ததும் எதையும் கலைக்காதீர்கள். முதலில் படத்தைத் திரையில் முழுதாகப் பெரிதாக்கி, மூடியில் விரல்ரேகை, லேபிள் ஓரத்தில் தூசி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க ஒரு நிமிடம் போதும்.