சாவி யாரிடம் இருக்கிறது? விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறி வந்தான். திறந்தால் நீலத்திரை, 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது. "அண்ணா, லினக்ஸ் இன்னும் போடவே இல்லண்ணா. பயாஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன்" என்றான். பயாஸ் என்பது விண்டோஸ் எழும் முன்பே திறக்கிற, மெஷினின் சொந்த செட்டிங்ஸ். அதில் மாற்றிய அந்த ஒன்று எது என்று நான் கேட்கவில்லை. 2022இல் நானும் அதைத்தான் மாற்றினேன்.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, பழைய மெஷினைத் தூக்கிப்போட மனமில்லாமல் விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான லினக்ஸைத் தொட்டுப் பார்க்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இவனைப்போல புது லேப்டாப்போடு வருகிறவர்களும் உண்டு. பேக்கப் எடுங்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எல்லாரும் சொல்கிறார்கள், யாரும் எடுப்பதில்லை.

சாவியை வாங்காமல் பயாஸுக்குள் போவது

புது லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து விண்டோஸை அமைத்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர், உள்ளே இருப்பது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டுதான். உங்களை ஒரு வார்த்தை கேட்காது. தினமும் அதுவே திறந்துகொள்வதால் பூட்டு இருப்பதே தெரியாது. திறந்துவிடுவது டிபிஎம் என்ற சிப். மெஷின் வழக்கமான முறையில்தான் கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது சாவியை எடுத்துக் கொடுக்கும். நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட் வசதியைப் பயாஸில் அணைத்தால் கணக்கு இடிக்கும், சிப் கையை விரித்துவிடும். அப்புறம் நீலத்திரைதான்.

அக்கா வீட்டுக்காரருக்குக் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்ட் டவுனில், ஐஸ் வியாபாரம். எந்தப் படகுக்கு எத்தனை பார் போனது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் லேப்டாப்பில்தான். "மாமா, அரை மணி நேரத்துல முடிச்சுத் தந்துடறேன்" என்று வாங்கி வந்தேன். முதலில் செக்யூர் பூட்டை அணை என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன், அணைத்தேன். அதற்குத் தேவையே இல்லை. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளெல்லாம் அது இயங்கும்போதே போட வரும். டெபியனும் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான்.

நீலத்திரை வந்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: திரும்பப் போய் செக்யூர் பூட்டைப் பழையபடி இயக்குவது. பெரும்பாலும் சிப் சமாதானமாகிவிடும். நான் என்ன செய்தேன்? பயாஸைத் துழாவி, டிபிஎம்மைக் கிளியர் செய்யும் வழியைக் கண்டுபிடித்து, துடைத்தால் சரியாகிவிடும் என்று அதை அழுத்தினேன். சிப் தன்னிடம் இருந்ததை மொத்தமாக மறந்துவிட்டது. "நிச்சயமாகவா?" என்று அது கேட்டபோது யோசிக்காமல் ஆம் என்று கொடுத்தேனே, அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இனி அந்த 48 இலக்கம் மட்டும்தான் வழி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், சரி. யாருடைய கணக்கில்? விற்ற கடையில் ஒரு பையன், "எல்லாம் ரெடி பண்ணித் தர்றேன் சார்" என்று தன் நம்பரைப் போட்டே கணக்குத் தொடங்கியிருக்கிறான். அவன் வேலையை விட்டுப் போயிருந்தான், நம்பரும் உயிரோடு இல்லை. மூன்று வருடக் கணக்கு அந்த டிஸ்க்கிலேயே இருந்தது, படிக்க வழியில்லை. பில் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு 16 ராத்திரி உட்கார்ந்து தட்டினேன். அக்கா சோறு போட்டாள். மாமா பேசவில்லை.

முத்தியால்பேட்டைப் பையன் நல்லவேளையாக டிபிஎம் பக்கம் போகவில்லை. செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கியதும் விண்டோஸ் எழுந்து வந்தது. லினக்ஸ் பேச்சை எடுக்கும் முன் சாவியைத் தாளில் எழுதச் சொன்னேன்.

நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், அது எந்தக் கணக்கு, உங்களால் அதற்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். நுழைந்து ரெக்கவரி கீ என்ற அந்த 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த புண்ணியவான்களும் உண்டு. அப்புறம் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு, அது பூட்டை முழுதாகப் பிரித்து முடிக்கும்வரை காத்திருங்கள். பெரிய டிஸ்க் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம், சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

அணைக்காமல் போனால் உபுண்டு இன்ஸ்டாலர், பிட்லாக்கர் இருக்கிறது, விண்டோஸ் பக்கத்தில் போட முடியாது என்று நின்றுவிடலாம். அந்த இடத்தில் அவசரப்பட்டு, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செய்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

விண்டோஸ் சீக்கிரம் எழுவதற்காக அதில் இருக்கும் வசதி இது. அணையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் மூடும், அந்த டிஸ்க்கில் லினக்ஸால் எழுத முடியாது.

மின்சாரம்

டெஸ்க்டாப் என்றால் லினக்ஸுக்கு இடம் ஒதுக்க விண்டோஸின் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதன் பகுதியை, யுபிஎஸ் இல்லாமல் சுருக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில், அதுவும் கடலூரில், யுபிஎஸ் இருந்தாலும் வேண்டாம்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவது

மெஷின் கெட்டுவிட்டது என்று பேட்டரி செல்லை மாற்றியவர்கள் உண்டு. செல்லில் ஒன்றும் இல்லை. மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் 5.30 மணி. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் காலை நாலு மணி, முந்தின ராத்திரி பத்தரை ஆகியிருக்கும். ஏலத்துக்கு விடியும் முன்னே பில் போடுகிற ஒருவருக்கு ஒரு வாரம் பில்லெல்லாம் நேற்றைய தேதியில் போனது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை போதும்.

பிடிக்கவில்லை என்று லினக்ஸை நேரடியாக அழிப்பது

பிடிக்காமல் போகலாம், தப்பில்லை. ஆனால் விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிட்டால், அடுத்த முறை கறுப்புத் திரையில் கிரப் என்ற எழுத்து மட்டும் நிற்கும். மெஷினைக் கிளப்பும் கிரப், தன் மீதிப் பாகத்தை அந்தப் பார்ட்டிஷனில்தான் வைத்திருந்தது. யுஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) மெஷினில் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பயாஸில் பூட் வரிசையைத் திறந்து விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றினால் போதும். லினக்ஸை அழிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் பஸ் காசு மிச்சம்.