வன்னியிலிருந்து ஐ.ஈ.எல்.ரி.எஸ் பரீட்சைக்கு ஆயத்தமாதல்

உயர்தரம் முடித்து வெளிநாட்டில் படிக்க எண்ணும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் முதலில், ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் இந்தப் பரீட்சையில் தாம் சேர விரும்பும் பல்கலைக்கழகம் மொத்தமாக எவ்வளவு புள்ளி கேட்கிறது, செவிமடுத்தல், வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகிய ஒவ்வொரு பகுதியிலும் ஆகக்குறைந்தது எவ்வளவு கேட்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பெறுபேறு பொதுவாக 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், விண்ணப்பிக்கும் காலம் தெளிவாகும் முன்னர் கட்டணம் கட்டிவிடக் கூடாது.

செவிமடுத்தலில் 40 வினாக்கள் உண்டு. ஒலிப்பதிவு ஒரு தடவையே ஒலிக்கும். இரண்டு சொற்களுக்கு மேற்படாமல் எழுதக் கேட்ட இடத்தில் மூன்று சொற்கள் எழுதினால் விடை பிழையாகிவிடும். எழுத்துக்கூட்டல் பிழைத்தாலும், பன்மையைக் காட்டும் கடைசி ‘எஸ்’ விடுபட்டாலும் அவ்வாறே. சொல்லின் இறுதியில் வரும் இந்த மெல்லிய ஒலி நம் காதுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஆகவே நாளாந்தம் ஒரு பதிவை ஒரே தடவை கேட்டு எழுதி, பின்னர் அதன் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, எந்த ஒலியைத் தவறவிட்டோம் என்று பாருங்கள்.

வாசிப்புக்கு 60 நிமிடங்கள். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாது என்பதால் எந்த வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். எழுத்துப் பகுதியில் இரண்டாவது வினாவுக்கு முதலாவதைப்போல் இரு மடங்கு பெறுமதி இருப்பதால், 60 நிமிடங்களில் 40ஐ அதற்கு ஒதுக்குங்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது பேச்சுப் பகுதியையே. பரீட்சகரோடு 11 முதல் 14 நிமிடங்கள் நேரில் பேச வேண்டும். இடையில் ஒரு தலைப்பைத் தந்து, ஒரு நிமிடம் குறிப்பெடுக்கவிட்டு, இரண்டு நிமிடங்கள் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். மனப்பாடம் செய்த விடையைப் பரீட்சகர் உடனே இனங்கண்டுகொள்வார். நீர்நிலை ஒன்றைப் பற்றிக் கேட்டால், கண்டிராத ஒரு கடற்கரையைப் பற்றி ஒப்புவிப்பதை விட, மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும்போது நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். காலபோகம் என்பதற்கு ஆங்கிலச் சொல் வாராவிட்டால் தடுமாறி நிற்காமல், மழையோடு தொடங்கும் நெல்விதைப்புக் காலம் என்று ஆங்கிலத்தில் விளக்குங்கள். அவ்வாறு சுற்றி விளக்கும் திறனும் சொல்வளத்துக்கான புள்ளியில் கணிக்கப்படுகிறது. நம் உச்சரிப்பின் சாயலை மறைக்கத் தேவையில்லை. சொல்வது தெளிவாக விளங்கினால் போதும். பேசியதைக் கைபேசியில் பதிந்து மறுநாள் கேளுங்கள். தடுமாறிய இடங்களைத் திருத்தி, அதே தலைப்பில் குறிப்பின்றி மீண்டும் பேசுங்கள்.