எந்த இன்சுலின் எந்த நேரத்தில் சர்க்கரையை இறக்கும்?

இன்சுலினின் பக்க விளைவுகளைப் பற்றிக் கவலைப்படுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாம் போட்டுக்கொள்வது எந்த இன்சுலின் என்பதே. பலதுறை மருந்தகத்தில் வாங்கிவரும் பேனாவை அதன் நிறத்தை வைத்து “ஆரஞ்சு ஊசி”, “பச்சை ஊசி” என்று சொல்லியே பழகிய மூத்தோர் நம் வீடுகளில் பலர் உண்டு. பேனாவில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதி, அது வேலை செய்யத் தொடங்கும் நேரம், உச்சத்தைத் தொடும் நேரம், ஓயும் நேரம் ஆகிய மூன்றையும் மருந்தாளரிடம் கேட்டு அதனருகே குறித்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். எல்லா இன்சுலினுக்கும் பொதுவான, உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பக்க விளைவு ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடுவது. வகைக்கு வகை வேறுபடுவது பெரும்பாலும் அது தாழும் நேரம்தான்.

நோவோரேப்பிட், ஹியூமலோக், அப்பிட்ரா போன்ற அதிவிரைவு இன்சுலின்கள் 10 முதல் 20 நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கி, 1 முதல் 3 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ 5 மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். என் தாயார் ஒருமுறை வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு தேக்கா உணவங்காடிக்குப் புறப்பட்டார். தோசைக் கடையில் வரிசை நகரவே இல்லை. தட்டு மேசைக்கு வருமுன்பே அவருக்குக் கை நடுங்கி, முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. ஆகவே, இவ்வகை இன்சுலினைப் போடுபவர்கள் வெளியே சாப்பிடும்போது, உணவு கண்முன் வந்த பிறகே ஊசியை எடுப்பது நல்லது. பழைய வகையான ஆக்ட்ராப்பிட் இதற்கு மாறானது: உணவுக்கு அரை மணி நேரம் முன்பே அதைப் போட வேண்டும், அதன் வேலை 6 முதல் 8 மணி நேரம் வரை நீளும் என்பதால், உணவு செரித்து முடிந்த பிறகும் சர்க்கரை இறங்கக்கூடும்.

பால் போலக் கலங்கித் தோன்றும் இன்சுலட்டார்ட், 4 முதல் 12 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடையும். இரவு 10 மணிக்குப் போட்டால் அந்த உச்சம் தூக்கத்தின் நடுவே வந்து சேரும். நனைந்த இரவு உடை, கெட்ட கனவு, விடிந்ததும் தலைவலி ஆகியவை இரவில் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளங்களாக இருக்கலாம்; அப்படிச் சந்தேகம் எழுந்தால், இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து அளந்து பாருங்கள். ஊசிக்கு முன் பேனாவை உள்ளங்கைகளுக்கிடையே 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழுமாகத் திருப்பி ஒரே சீராகக் கலக்காவிட்டால், ஒரு நாள் மருந்து கூடும், மறுநாள் குறையும்.

மிக்ஸ்டார்ட் 30, நோவோமிக்ஸ் 30 போன்ற கலவை இன்சுலின்களில் விரைவாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரு பகுதிகள் உண்டு. காலையில் போட்ட ஊசியின் மெதுவான பகுதி நண்பகலில் உச்சத்துக்கு வருவதால், இவற்றைப் போடுபவர்கள் மதிய உணவைத் தள்ளிப்போடக் கூடாது. தைப்பூசத்தன்று விரதமிருந்து சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை நடக்க நினைப்பவரும், ரமலான் நோன்பு நோற்க விரும்புபவரும் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

லேன்டஸ் ஏறத்தாழ 24 மணி நேரமும், டிரெசிபா 42 மணி நேரத்துக்கு மேலும் சீராக வேலை செய்பவை. இவற்றால் இரவில் சர்க்கரை தாழ்வது ஒப்புநோக்கக் குறைவு. ஆனால் தாழ்ந்துவிட்டால், ஒருமுறை சரிசெய்த பிறகும் மீண்டும் தாழலாம் என்பதால் அடுத்தடுத்து அளக்க வேண்டும். லேன்டஸ் அமிலத்தன்மை உடையது, ஆகையால் போடும் இடத்தில் சிலருக்குச் சற்று எரியும். எனக்கு அச்சம் தருவது வேறொன்று: படுக்கும் முன் நீண்டநேரப் பேனாவுக்குப் பதிலாக அதிவிரைவுப் பேனாவை எடுத்துவிடும் தவறு. அப்படி நேர்ந்தால் தூங்கிவிடாதீர்கள். மாவுச்சத்துள்ள உணவைச் சாப்பிட்டு, அடிக்கடி அளந்துகொண்டே, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். இரண்டு பேனாக்களையும் ஒரே பெட்டியில் வைக்காமலிருப்பது இதைத் தடுக்கும் எளிய வழி.

ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே போனால், 15 கிராம் சர்க்கரையை, அதாவது 3 தேக்கரண்டியை, நீரில் கரைத்துக் குடியுங்கள். அல்லது வழக்கமான இனிப்பு பானத்தில் அரைக் குவளை போதும். சர்க்கரை சேர்க்காத ‘கொசோங்’ பானம் இதற்கு உதவாது. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை விரைந்து பலன் தராது, குளுக்கோஸே வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லையென்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டுமே எச்சரிக்கும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, சிங்கப்பூரின் அவசர மருத்துவ வண்டி எண்ணான 995-ஐ அழையுங்கள்.

ஊசியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால், எந்த வகையானாலும் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கே வலி குறைவு என்பதால் பலரும் அந்த இடத்தையே விரும்புவார்கள். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. வேறு இடத்துக்கு மாறும்போது அதே அளவு திடீரென முழு வலிமையோடு வேலை செய்து சர்க்கரையைத் தாழ்த்திவிடும் என்பதால், அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள், ஊசி முனையையும் மாற்றுங்கள்.

எடை கூடுவது பலருக்கும், தொடக்கத்தில் கால் சற்று வீங்குவதும் சில வாரங்கள் பார்வை மங்குவதும் சிலருக்கும் நேர்வதுதான். பார்வை நிலைபெறும் வரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம், ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடவும் வேண்டாம். உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் அது ஒவ்வாமை, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவற்றுக்கு அஞ்சி எவரும் தாமாகவே இன்சுலினை நிறுத்தக் கூடாது. முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு அது ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அளந்த எண்களை மட்டுமன்றி, ஊசி போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் சர்க்கரை தாழ்ந்த நேரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். எந்த ஊசியின் அளவைக் குறைப்பது என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.